ஐம்பத்து மூன்றும் பதினேழும்

ஐம்பத்து மூன்றும் பதினேழும் சமம் என்று ஏழாம் வகுப்பு 'இ' பிரிவில் ஏகமனதாக முடிவான அன்றைக்குத்தான் சண்முகக்கனி டீச்சருக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

கரும்பலகையில் 2x + 5 = 17 என்று எழுதியிருந்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு வருஷமும் எழுதுகிற கணக்கு. முன்பெஞ்சு நிறைமதி எழுந்து, x-இன் மதிப்பு இருபத்து நான்கு என்றாள். பதினேழு, ஐந்து, இரண்டு எல்லாவற்றையும் கூட்டியிருக்கிறாள் என்று டீச்சருக்கு உடனே தெரிந்துவிட்டது. அதில் பயப்பட ஒன்றுமில்லை. கண்ணில் படுகிற எண்களையெல்லாம் கூட்டிப் பார்ப்பது அந்த வயசுப் பிள்ளைகளின் வழக்கம்தான். அந்த விடையை x இருந்த இடத்தில் போட்டுப் பார்க்கச் சொன்னாள். நிறைமதி கரும்பலகைக்கு வந்து போட்டாள். இரண்டு இருபத்து நான்கு நாற்பத்தெட்டு, அதோடு ஐந்து, ஐம்பத்து மூன்று. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

"வலது பக்கம் என்ன இருக்கு?"

"பதினேழு டீச்சர்."

"இடது பக்கம் என்ன வந்திருக்கு?"

"அம்பத்து மூணு."

"ரெண்டும் சமமா?"

முன்பெல்லாம் இந்த இடத்தில் ஒரு பிள்ளை நின்றுவிடும். சாக்பீஸைக் கையில் உருட்டும், நகத்தைக் கடிக்கும், பக்கத்துப் பெஞ்சை ஓரக்கண்ணால் பார்க்கும். நிறைமதி அப்படி எதுவும் செய்யவில்லை. தான் எழுதியதைக் குளிர்ந்த முகத்தோடு பார்த்தாள்.

"ஆமா டீச்சர். நல்லாப் புரியுது."

வகுப்பைக் கேட்டாள். எல்லாக் கைகளும் உயர்ந்தன. சுவரில் மாட்டியிருந்த திரையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம். அத்தனையும் பச்சை. ஒன்றே ஒன்று மட்டும் நிறமில்லாமல் வெறுமையாகக் கிடந்தது. அந்தக் கட்டத்துக்குரிய பெண் கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பெயர் கார்குழலி.

தெளிவுப் பட்டை பள்ளிக்கூடங்களுக்கு வந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நெற்றியைச் சுற்றி மாட்டிக்கொள்கிற மெல்லிய ரப்பர் பட்டை. ஒரு விஷயம் பிடிபடும்போது மூளையின் ஒரு மூலையில் சின்னதாக ஓர் அசைவு உண்டாகுமாம். பட்டை அதைக் கண்டுபிடித்துத் திரைக்குச் சொல்லும். புரிந்தால் பச்சை, புரியாவிட்டால் சிவப்பு. இதற்காகவே கற்றல் தெளிவு வாரியம் என்று ஒன்றை அமைத்தார்கள். மூளையே வாய்திறந்து சொல்லும்போது விடைத்தாளை ஏன் கேட்க வேண்டும் என்று வாரியம் கேட்டது. நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. தேர்வுகளை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் கொண்டாடினார்கள், பெற்றோர்கள் அதைவிட அதிகமாகக் கொண்டாடினார்கள்.

முதல் வருஷம் எல்லா ஊர்த் திரைகளும் ரத்தச் சிவப்பாக இருந்தன. ஆசிரியர்களுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது, தலைமையாசிரியர்களுக்குக் கூட்டம் மேல் கூட்டம் நடந்தது. அடுத்த வருஷம் பட்டையைச் செய்கிற கம்பெனி அதில் ஏதோ ஒரு முன்னேற்றம் செய்தது. திரைகள் பச்சையாகிவிட்டன. நோட்டீஸ் வாங்கிய ஆசிரியர்களுக்கே சால்வை போர்த்தினார்கள். என்ன முன்னேற்றம் என்று கேட்க யாருக்கும் அவசியம் ஏற்படவில்லை. சண்முகக்கனிக்கும் ஒரு சால்வை கிடைத்தது. அவளும் கேட்கவில்லை.

ஆசிரியர்கள் பட்டை போட வேண்டிய கட்டாயம் இல்லை. கற்பிப்பவருக்குப் புரிந்துதான் இருக்கும் என்பது வாரியத்தின் நம்பிக்கை. ஆனாலும் பாதிப்பேர் விரும்பிப் போட்டுக்கொண்டார்கள். மூக்குக்கண்ணாடிக்கும் பட்டைக்கும் ஒரே முகத்தில் இடம் போதவில்லை என்று சொல்லி அவள் தப்பித்துக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியர் குருபாதம் தூங்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் போட்டிருந்தார். முன்பு சுற்றறிக்கை படிக்கும்போதெல்லாம் அவருக்கு ஒற்றைத் தலைவலி வரும். இப்போது எல்லாச் சுற்றறிக்கையும் புரிகிறது. ஒருமுறை, வெள்ளிக்கிழமை விடுமுறை என்று ஓர் அறிக்கையும் அதே வெள்ளிக்கிழமை முழு ஆய்வு என்று இன்னோர் அறிக்கையும் வந்தன. இரண்டும் அவருக்குத் தெளிவாகப் புரிந்தன. பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டுவிட்டு, ஆய்வுக்கு வந்தவர்களை ஒவ்வொரு காலி வகுப்பறையாக அழைத்துப்போய்க் காட்டினார். வந்தவர்களும் பட்டை போட்டிருந்ததால் திருப்தியாகக் குறிப்பு எழுதிவிட்டுப் போனார்கள்.

ஐம்பத்து மூன்று விவகாரத்தைச் சண்முகக்கனி அவரிடம் கொண்டுபோனாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பட்டை புரிதலை மட்டும்தான் அளக்கிறது, விடையை அளப்பதில்லை, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று சொல்லியனுப்பினார்.

அந்த வாரம் பட்டைகளைப் பழுதுபார்க்கக் கம்பெனியிலிருந்து நவநீதன் என்ற இளைஞன் வந்தான். மரியாதையான பையன். ஆய்வகத்து மேஜையில் பட்டைகளைப் பரப்பி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தவனிடம் அவள் நேராகவே கேட்டாள். அவன் ஒளிக்கவில்லை.

"ஆரம்பத்துல பட்டை கேட்டுக்கிட்டு மட்டும்தான் டீச்சர் இருந்துச்சு. புரிஞ்சுதான்னு மூளைகிட்ட கேக்கும், வந்து சொல்லும். ஒரே சிவப்பு. எல்லாருக்கும் மனசு கஷ்டம். அப்புறம்தான் அந்த அசைவை நாமளே லேசாத் தட்டிக் குடுத்தா என்னன்னு யோசிச்சாங்க."

"அப்படின்னா பிள்ளைகளுக்குப் புரியலை. புரிஞ்ச மாதிரி இருக்கு. அவ்வளவுதானே?"

"மூளைக்கு ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர். உங்களுக்கு ஒண்ணு புரிஞ்சிருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? புரிஞ்ச மாதிரி இருக்கறதாலதானே?"

அவள் அவன் நெற்றியைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. நீ ஏன் போடவில்லை என்று கேட்டாள். வேலை நேரத்தில் தங்களுக்கு அனுமதி கிடையாது என்றான் நவநீதன். போட்டுக்கொண்டால் பட்டையில் இருக்கும் தவறைக் கண்டுபிடிக்க முடியாமல் போய்விடுமாம். சொல்லிவிட்டு அடுத்த பட்டையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

கார்குழலி பட்டை போடாததற்குக் காரணம் அவள் காது. பிறவியிலேயே கேட்காத பிள்ளை. சின்ன வயசிலேயே அறுவை செய்து கருவி பொருத்தியிருந்தார்கள். பட்டையை மாட்டினால் அந்தக் கருவிக்குள் மாவுமில் ஓடுகிற மாதிரி இரைச்சல் எழும். அதனால் டாக்டர் விலக்குக் கொடுத்திருந்தார். பள்ளிக்கூடத்திலேயே புரியாமல் போகிற உரிமை இருந்த ஒரே பிள்ளை அவள்தான். ஆனால் அவளுக்கு அது உரிமையாகத் தெரியவில்லை. டீச்சர் எழுதி முடிக்கும் முன்னே நாற்பது பேருக்குப் புரிந்துவிடுகிறது, தனக்கு மட்டும் மறுநாள்வரை இழுக்கிறது, தான் மக்கு என்று முடிவுகட்டியிருந்தாள்.

மதியம் சாப்பாடு முடிந்ததும் சண்முகக்கனி அவளைத் தனியாக உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுப்பாள். பிள்ளை கேட்கிற கேள்விகள் சில சமயம் அவளையே திணறடிக்கும்.

"x தெரியாதுன்னு சொல்றீங்க. தெரியாததை எப்படி டீச்சர் ரெண்டால பெருக்குறது?"

கார்குழலியின் அப்பா மினிபஸ் ஓட்டுகிறவர். டீச்சர் அதையே எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் ஏற்கெனவே ஐந்து பேர் இருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் கொஞ்சம் பேர் ஏறுகிறார்கள், எத்தனை பேர் என்று தெரியாது. மில் ஸ்டாப்பில் அதே அளவு ஆட்கள் இன்னொரு தடவை ஏறுகிறார்கள். இறங்கும்போது எண்ணினால் பதினேழு.

"எத்தனை பேருன்னு தெரியலைங்கறதுக்காக அவங்க ஏறாம இருந்தாங்களா? ஏறித்தானே உக்காந்திருக்காங்க. தெரியலைன்னு ஒத்துக்கிட்டு அதுக்கு ஒரு பேரு வைக்கறோம். அவ்வளவுதான் x."

பிள்ளை ரொம்ப நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, முதலில் இருந்த ஐந்து பேரை இறக்கிவிடலாமா என்று கேட்டாள். இறக்கிவிடு என்றாள் டீச்சர். பன்னிரண்டு. இரண்டு ஸ்டாப்பிலும் சரிபாதி. ஆறு. கார்குழலி அந்த ஆறை எழுதிவிட்டு, அதைத் திரும்பவும் x இருந்த இடத்தில் போட்டுப் பார்த்து, பதினேழு வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் வகுப்பில் டீச்சர் அவளையே எழுப்பி விடை சொல்லச் சொன்னாள். ஆறு என்றாள். வகுப்பு அவளைத் திரும்பிப் பார்த்தது. யாரும் கேலி செய்யவில்லை. கேலி செய்யுமளவுக்குக்கூட யாருக்கும் சந்தேகம் இல்லை. கதிரவன் என்ற பையன் மட்டும், பாவம் அவளுக்குப் பட்டை இல்லை டீச்சர், என்று பரிந்து பேசினான். இருபத்து நான்கு என்று எழுதியிருந்த நிறைமதி எழுந்துபோய் அவளுக்கு எப்படிப் போடுவது என்று அன்பாகச் சொல்லிக்கொடுத்தாள். கார்குழலி தலையை ஆட்டினாள். டீச்சர் கிட்டே போவதற்குள் ரப்பரை எடுத்து ஆறை அழித்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் சண்முகக்கனி வீட்டுக்குப் போகாமல் ஆசிரியர் அறையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அத்தனை பிள்ளைகளில் ஒருத்திக்குத்தான் கணக்கு தெரியும். அந்த ஒருத்தியும் தனக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருக்கிறாள்.

இதற்கிடையில் முழுத்தெளிவுப் பள்ளி என்று ஒரு விருதை வாரியம் அறிவித்தது. திரை முழுக்கப் பச்சையாக இருக்க வேண்டும், ஒரு கட்டம்கூட வெறுமையாக இருக்கக் கூடாது. குருபாதம் சண்முகக்கனியைக் கூப்பிட்டு, கார்குழலியை வேறு பள்ளிக்கு அனுப்பிவிடலாம், டிசி தயார் செய்யச் சொல்லிவிட்டேன் என்றார். குரலில் கொஞ்சமும் கடுமை இல்லை. அந்தப் பிள்ளைக்கும் நல்லது, நமக்கும் நல்லது, நன்றாக யோசித்துப் பார்த்தேன், எல்லாம் புரிகிறது என்றார்.

மறுநாள் மூன்றாம் பீரியடில் அவள் அதைச் செய்தாள். திரையின் ஓரத்தில் பெருவிரலை வைத்தால் வகுப்பிலுள்ள பட்டைகளையெல்லாம் நிறுத்திவைக்கலாம். பழுதுபார்க்கும் வசதிக்காகக் கற்பிப்பவர்களுக்கு மட்டும் கொடுத்திருந்த அனுமதி. யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. கதவைச் சாத்திவிட்டு விரலை வைத்தாள். கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

கரும்பலகையில் 3x + 4 என்று எழுதியிருந்தது. பக்கத்தில் வகுப்பே சேர்ந்து சொன்ன விடை: 7x.

முதலில் எல்லோரும் திரையைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பின்னால் ஒரு பையன் பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். நிறைமதி கரும்பலகையையும் தன் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் உதடு நடுங்கியது. கதிரவன் எழுந்து நின்றுவிட்டான்.

"என்ன டீச்சர் பண்ணீங்க? எல்லாம் ஓட்டை ஓட்டையா இருக்கு."

பிள்ளைகள் அழுவார்கள் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். இப்படி நடுங்குவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. புரியாமை என்பது சுரம் மாதிரி எப்போதோ சின்ன வயசில் வந்துபோனதாகத்தான் அவர்களுக்கு ஞாபகம். அந்த நேரத்தில் கடைசி பெஞ்சிலிருந்து கார்குழலி எழுந்து வந்தாள். நிறைமதியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தாள்.

"இப்படித்தான் இருக்கும். ஒண்ணும் ஆகாது. எனக்கு டெய்லி இப்படித்தான்."

வகுப்பு முழுக்க அவளைப் பார்த்தது. இந்தப் பயங்கரத்தைத் தினமும் தாங்கிக்கொண்டு ஒருத்தி தங்களோடு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்பதை நம்பமுடியாதவர்கள் மாதிரி பார்த்தார்கள்.

கதிரவனுக்குக் கோபம் தீரவில்லை. 7x சரிதான் என்று நிரூபிக்க, x-க்கு ஒன்று என்று போட்டான். மூன்றும் நான்கும் ஏழு. ஏழு ஒன்று ஏழு. பார்த்தீர்களா என்றான். வகுப்புக்கு உயிர் வந்தது. கார்குழலி யோசித்தாள்.

"ரெண்டு போட்டுப் பாரேன்."

போட்டான். ஒரு பக்கம் பத்து, மறுபக்கம் பதினாலு. மூன்று போட்டான். இன்னும் விலகிப் போனது. அவன் கையிலிருந்த சாக்பீஸ் பாதியில் நின்றது. ஒன்றுக்கு மட்டும் ஏன் சரியாக வந்தது என்று வகுப்பில் ஒரே பேச்சு. ஒருவன் பூஜ்யம் போட்டான். இன்னொருத்தி, மூன்று பெட்டியும் நான்கு மிட்டாயும் எப்படி ஏழு பெட்டியாகும் என்று கேட்டாள். 3x + 4 அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும், அது ஒரு கோவை, அதற்கு விடை என்று ஒன்று இப்போதைக்குக் கிடையாது என்று டீச்சர் சொன்னபோது, விடையில்லாத ஒன்று கரும்பலகையில் சும்மா இருக்கலாம் என்பதையே முதல்தடவை கேள்விப்பட்டவர்கள் மாதிரி அமைதியானார்கள். மணி அடித்தது. அவள் விரலை வைத்தாள். பச்சை வந்தது. எல்லா முகங்களும் ஒன்றுபோலக் குளிர்ந்துபோயின.

வீட்டுக்குப் போன பிள்ளைகளில் சிலர் நடந்ததைச் சொல்லிவிட்டார்கள். டீச்சர் குழந்தைகளைப் புரியாமைக்கு உள்ளாக்கினார் என்று பெற்றோர்கள் புகார் கொடுத்தார்கள். வாரியம் விசாரணைக்கு அழைத்தது.

மாவட்ட அலுவலகத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் தலைவி திலகவதி. மூவர் நெற்றியிலும் பட்டை. விசாரணை இரு தரப்புக்கும் நியாயமாக இருக்க வேண்டும் என்பதால் வருகிறவர்களும் போட்டுக்கொள்வது விதி என்று, கண்ணாடியோடு மாட்டக்கூடிய ஒன்றை அவளிடமும் கொடுத்தார்கள். முதலில் அவள் பேசட்டும், அதன்பிறகு பட்டையை இயக்கலாம் என்றார்கள்.

சண்முகக்கனி நன்றாகவே பேசினாள். நிறைமதியின் ஐம்பத்து மூன்றைச் சொன்னாள், கார்குழலி அழித்த ஆறைச் சொன்னாள். பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருப்பதுகூட ஆபத்தில்லை, தெரியாது என்பதே தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து என்றாள். நாளைக்கு இவர்களில் ஒருவர் மருந்து அளந்து கொடுப்பார், ஒருவர் பாலம் கட்டுவார் என்றாள். பேசப்பேச மூவர் முகத்திலும் கனிவு கூடிக்கொண்டே போனது. கடைசியில் திலகவதி அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எங்களுக்குத் துல்லியமாப் புரியுது டீச்சர்."

"அப்ப என்ன செய்யப் போறீங்க மேடம்?"

திலகவதி அம்மாளுக்கு அந்தக் கேள்வியும் துல்லியமாகப் புரிந்தது. "அதான் புரிஞ்சுக்கிட்டோமே," என்றார்.

பிறகு அவளுடைய பட்டையை இயக்கினார்கள். வெயிலில் நடந்து வந்தவள் கையில் யாரோ மோர் கொடுத்த மாதிரி இருந்தது. பல நாளாக நெஞ்சில் அழுத்திக்கொண்டிருந்தது இறங்கிப்போனது. அவர்கள் மெதுவாக எடுத்துச் சொன்னார்கள். குழந்தைக்குக் கிடைக்கிற தெளிவை நிறுத்துவது துன்புறுத்தல் என்றார்கள், ஆமாம் என்று பட்டது. இனி அவள் விரலுக்கு நிறுத்தும் அனுமதி தேவையில்லை என்றார்கள், தேவையில்லைதான் என்று பட்டது. கார்குழலிக்கு ஏற்ற இடம் இந்தப் பள்ளி இல்லை, பட்டியலில் அந்தக் கட்டத்தைத் தலைமையாசிரியரே சரிசெய்துகொள்ளட்டும் என்றார்கள்.

"ஆமாங்க மேடம், அந்தப் பிள்ளைக்கும் அதுதான் நல்லது," என்றாள் சண்முகக்கனி. மனப்பூர்வமாகச் சொன்னாள். எழுந்து நின்று நன்றியும் சொன்னாள்.

வாசலில் காவலாளி ஒரு தட்டை நீட்டிப் பட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டான். அவள் ரோட்டைக் கடந்து பஸ் ஸ்டாப் கம்பத்தில் சாய்ந்து நின்றாள். உள்ளே பேசியது ஒரு சொல் விடாமல் நினைவில் இருந்தது. ஏன் அப்படிச் சொன்னாள் என்பது மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. விடை இருந்தது, வழிமுறை இல்லை. இத்தனை நாள் பிள்ளைகளைப் பார்த்துப் பயந்தவளுக்கு அப்போதுதான் அவர்கள்மேல் பொறாமை மாதிரியும் ஏதோ ஒன்று வந்தது. அந்த மோரின் குளிர்ச்சி இன்னும் கொஞ்சம் நெற்றியில் மிச்சமிருந்தது. இன்னொரு தடவை வேண்டும் என்று கேட்டது அது. அவள் முந்தானையால் நெற்றியை அழுத்தித் துடைத்தாள்.

மறுநாள் காலையில் தலைமையாசிரியர் அறையில் கார்குழலியின் அம்மா செண்பகவல்லி உட்கார்ந்திருந்தாள். தையல் கடை வைத்திருப்பவள். டிசி மேஜைமேல் இருந்தது. குருபாதம் அவளிடம் எவ்வளவோ இதமாகப் பேசிக்கொண்டிருந்தார். சண்முகக்கனி உள்ளே நுழைந்ததும் அந்த அம்மா அவள் பக்கம் திரும்பினாள்.

"இவளுக்குக் காது கேக்க வைக்க நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும் டீச்சர். கேக்காதுன்னு சொல்லி ஒரு பள்ளிக்கூடத்துல வெளிய அனுப்புனாக. இப்பக் கேக்குது, புரியலைன்னு அனுப்புறாக. இதுக்கு மேல நாங்க எங்கிட்டுக் கொண்டுபோறது?"

சண்முகக்கனி குருபாதத்தின் நெற்றியைப் பார்த்தாள். பட்டையின் ஓரத்தில் சின்ன விளக்கு நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. முந்தின நாள் தனக்கு எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தாள். உள்ளே இருந்த மூன்று பேரும் வாதம் எதுவும் செய்யவில்லை. சொன்னார்கள், அவ்வளவுதான். முதலில் யார் சொன்னாலும் அது சரியாகத்தான் பட்டிருக்கும்.

"சார், மாணவர் பட்டியல்ல வெறும் கட்டம் இருக்கக் கூடாதுன்னுதான் வாரியம் சொல்லுது. பிள்ளை பள்ளிக்கூடத்துல இருக்கக் கூடாதுன்னு சொல்லலை."

"ஆமா," என்றார் குருபாதம்.

"பட்டியல்ல ரெண்டே வகைதான் இருக்கு. கற்பவர், கற்பிப்பவர். கற்பிப்பவருக்குக் கட்டம் கிடையாது. இவளை அந்தப் பக்கம் மாத்திட்டா திரை முழுக்கப் பச்சை. டிசியும் வேண்டாம்."

குருபாதத்தின் முகம் விடிந்த மாதிரி தெளிந்தது. இது தனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை என்று வியந்துகொண்டே கணினியைப் பக்கத்தில் இழுத்தார். வயது என்ன என்று அது கேட்கவில்லை. ஓய்வுபெறும் தேதியை மட்டும் தானாகவே கணக்குப் போட்டு வெகுதூரத்தில் வைத்துக்கொண்டது. அவர் டிசியைக் கிழித்துக் கூடையில் போட்டார்.

சண்முகக்கனி அவர் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தாள். எதை எதிர்த்து மாவட்ட அலுவலகத்தில் அவ்வளவு நேரம் பேசினாளோ அதையே எடுத்து ஒரு நல்ல மனுஷன்மேல் பயன்படுத்திவிட்டாள். வேலை நடந்துவிட்டது.

விருது விழா பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டு நடந்தது. வாரியத்திலிருந்து வந்தவர்கள் கேடயம் கொடுத்தார்கள். கற்பிப்பவர்கள் எல்லோருக்கும் சால்வை. பட்டியலில் கார்குழலி பெயரும் வாசிக்கப்பட்டது. சீருடையும் இரட்டைப் பின்னலுமாக மேடைக்கு வந்த கற்பிப்பவரை யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. திலகவதி அம்மாளே போர்த்திவிட்டு, உங்களைப் போன்றவர்களின் அனுபவம்தான் இந்தத் துறைக்குத் தேவை என்று வாழ்த்தினார். செண்பகவல்லி கூட்டத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். சால்வையில் நல்ல ஜாக்கெட் ஒன்று தைக்கலாம் என்று துணியைத் தடவிப் பார்த்தாள்.

அதற்கடுத்த திங்கள்கிழமை சண்முகக்கனி கரும்பலகையில் 5x = 2x + 12 என்று எழுதினாள். எழுதி முடிப்பதற்குள் பின்னால் திரை பச்சையாகியிருக்கும் என்பது திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும். அவள் விரலுக்கு இனி அந்தத் திரை கேட்காது. விடை சொல்லச் சொன்னால் பத்தொன்பது என்று ஒருவர் சொல்வார், எல்லோரும் கை தூக்குவார்கள். ஆண்டு முடியும்வரை இப்படியே கடத்திவிட்டு வேறு வேலை பார்க்கலாமா என்றுகூட அவள் நினைக்கத் தொடங்கியிருந்தாள்.

முதுகுக்குப் பின்னால் ஏதோ குசுகுசுப்பு கேட்டது. கதிரவன் கடைசி பெஞ்சுக்குத் திரும்பி உட்கார்ந்திருந்தான்.

"ஏட்டி, அதைக் கொஞ்சம் நிறுத்தேன்," என்றான்.

"நானா?"

"நீதானே டீச்சரு. உன் விரலுக்குக் கேக்கும்லா. அன்னைக்கு அந்த ஒண்ணு போட்டா மட்டும் ஏன் சரியா வந்துச்சுன்னு மண்டைக்குள்ளயே இருக்கு. பட்டை போட்டா புரிஞ்சிருச்சுன்னு சொல்லுது, வீட்டுல கழட்டிவெச்சுப் பாத்தேன், புரியவே இல்ல."

நிறைமதி பெஞ்சின் விளிம்பை இரண்டு கைகளாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தயாராக இருந்தாள்.

கார்குழலி டீச்சரைப் பார்த்தாள். சண்முகக்கனிக்கு இது தோன்றவே இல்லை. டிசியைத் தடுக்க வேண்டும் என்பதைத் தவிர அன்றைக்கு அவள் வேறெதையும் யோசித்திருக்கவில்லை. செய் என்று சொல்ல அவளுக்கு அதிகாரம் கிடையாது, வேண்டாம் என்று சொல்ல மனசும் வரவில்லை. போய்க் கதவை மட்டும் சாத்தினாள்.

கார்குழலி திரைக்குப் போய், எட்டாமல் எக்கி நின்று, பெருவிரலை வைத்தாள். அணைந்தது.

ஒருத்தி விசும்பினாள், பிறகு அவளே நிறுத்திக்கொண்டாள். கதிரவனுக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

"ரெண்டு பக்கமும் தெரியாததா இருக்கு," என்றான் கடைசியில். "எந்தப் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கிறது?"

"எனக்கும் தெரியலை," என்றாள் கற்பிப்பவர் கார்குழலி. நோட்டை எடுத்துக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் இடம் கேட்டு உட்கார்ந்தாள்.

சண்முகக்கனி சொல்ல வாயெடுத்தாள். பிறகு சொல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தாள். வகுப்பு மொத்தமும் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவரும் கை தூக்கவில்லை.